விடுதலைக்குப் பின் என்ன? தவறான தண்டனைகளும் நீதித்துறை மீதான மக்கள் நம்பிக்கையும்

2014 மே 16. நாடாளுமன்றத் தேர்தல் முடிவுகள் வெளியான நாள். நாடே தொலைக்காட்சியின் முன் அமர்ந்திருந்த அதே நாளில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பை அளித்தது. குஜராத் தலைநகர் காந்திநகரில் உள்ள அக்ஷர்தாம் கோயில் மீது 2002 செப்டம்பர் 24 அன்று நடந்த தாக்குதல் வழக்கில் தண்டிக்கப்பட்டிருந்த ஆறு முஸ்லிம்களையும் நீதியரசர்கள் ஏ.கே. பட்நாயக், வி. கோபால கௌடா அடங்கிய அமர்வு விடுதலை செய்தது. ஆறு பேரில் மூவர் தூக்குத் தண்டனைக் கைதிகள். ஒருவர் ஆயுள் கைதி. மற்ற இருவருக்கு 10 ஆண்டும் 5 ஆண்டும். மூன்று தூக்குக் கைதிகளில் ஒருவர் அஹ்மதாபாத்தைச் சேர்ந்த ஒரு முஃப்தி.

தேர்தல் செய்திகளுக்கு இடையே இந்தச் செய்தி பெரிதாகப் பேசப்படவில்லை. கவனித்தவர்களும் ஒரே வரியில் முடித்துக்கொண்டார்கள்: "தாமதமானாலும் நீதி கிடைத்துவிட்டது, நீதிமன்றத்தின் மீது நம்பிக்கை வீண் போகவில்லை." இத்தகைய தீர்ப்பு வரும்போதெல்லாம் நம் சமுதாயத்திலும் இந்த வார்த்தை சொல்லப்படுகிறது. அது முழு உண்மையா என்பதைத்தான் இக்கட்டுரையில் பார்க்கிறோம். ஒரு மனிதனை 11 ஆண்டுகள் சிறையில் வைத்துவிட்டு, "நீ குற்றவாளி என்பதற்கு ஆதாரம் இல்லை" என்று கதவைத் திறந்துவிட்டால் நீதி அங்கே நிறைவடைந்துவிடுகிறதா? இழந்த காலத்துக்கு யார் ஈடு கொடுப்பது? பொய்யாக வழக்கு ஜோடித்தவரை யார் கேட்பது? உண்மையில் கொலை செய்தவன் எங்கே? நம்பிக்கை என்பது இந்த மூன்று கேள்விகளுக்கும் கிடைக்கும் பதிலைப் பொறுத்தது.

தவறான தண்டனை, தவறான வழக்கு

சட்டத்துறையில் இரண்டு சொற்கள் உண்டு. ஒன்று தவறான தண்டனை. அதாவது நீதிமன்றம் குற்றவாளி என்று தீர்ப்பளித்து, பிறகு மேல் நீதிமன்றத்தில் அது தவறு என்று தெரியவருவது. மற்றொன்று தவறான வழக்குத் தொடுப்பு. இதில் தண்டனையே வந்திருக்காது. ஆனால் பல ஆண்டுகள் விசாரணைக் கைதியாக இருந்து, கடைசியில் விசாரணை நீதிமன்றமே விடுவித்துவிடும்.

நம் நாட்டில் இரண்டாவதுதான் பெரிய பிரச்சினை. கோவை குண்டுவெடிப்பு வழக்கில் கேரளாவைச் சேர்ந்த அப்துல் நாசர் மதானி 1998இல் கைது செய்யப்பட்டு, ஒன்பது ஆண்டுகளுக்கும் மேல் ஜாமீன் இல்லாமல் கோவைச் சிறையில் இருந்து, 2007 ஆகஸ்டில் அந்த வழக்கில் குற்றமற்றவர் என்று விடுவிக்கப்பட்டதைத் தமிழக முஸ்லிம்கள் நன்கு அறிவார்கள். அவருக்கு ஒரு நாள்கூட தண்டனை விதிக்கப்படவில்லை. ஆனால் ஒன்பது ஆண்டுகள் போயின. தண்டனைக் கணக்கில் மட்டும் பார்த்தால் இத்தகையவர்கள் எங்குமே எண்ணப்படமாட்டார்கள்.

இரத்தம் படாத கடிதங்கள்

அக்ஷர்தாம் தாக்குதலில் முப்பதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். பெண்களும் குழந்தைகளும் அதில் அடக்கம். தாக்கிய இருவரும் மறுநாள் காலை தேசியப் பாதுகாப்புப் படையினரால் சுட்டுக் கொல்லப்பட்டனர். அது கொடிய குற்றம் என்பதில் இரண்டாவது கருத்து இல்லை.

ஏறக்குறைய ஓராண்டு வரை புலனாய்வில் எந்தத் துப்பும் கிடைக்கவில்லை. 2003 ஆகஸ்ட் 28 அன்று வழக்கு அஹ்மதாபாத் குற்றப்பிரிவுக்கு மாற்றப்பட்டது. மறுநாளே கைதுகள் தொடங்கின. பொடா சட்டத்தின்கீழ் 2006 ஜூலையில் சிறப்பு நீதிமன்றம் ஆறு பேரையும் தண்டித்தது. 2010 ஜூனில் குஜராத் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. இரண்டு நீதிமன்றங்கள் ஏற்றுக்கொண்ட அந்த ஆதாரங்கள் என்ன என்பதை உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலிருந்து தெரிந்துகொள்ளலாம்.

முதன்மையான ஆதாரம், காவல்துறை அதிகாரி முன் கொடுக்கப்பட்டதாகச் சொல்லப்பட்ட ஒப்புதல் வாக்குமூலங்கள். அவற்றைக் கொடுத்தவர்கள், அடித்துத் துன்புறுத்தி வாங்கப்பட்டவை என்று கூறி அவற்றைத் திரும்பப் பெற்றிருந்தார்கள். பொடா சட்டமே இதற்கு ஒரு பாதுகாப்பை வைத்திருந்தது. வாக்குமூலம் கொடுத்தவரை மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். மாஜிஸ்திரேட் அவரிடம் விசாரித்து, போலீஸ் காவலுக்கு அல்லாமல் நீதிமன்றக் காவலுக்கு அனுப்ப வேண்டும். இங்கே மாஜிஸ்திரேட் துன்புறுத்தல் பற்றி முறையாகக் கேட்கவுமில்லை, நீதிமன்றக் காவலுக்கு அனுப்பவுமில்லை. எந்தக் காவலிலிருந்து வந்தார்களோ அதே காவலுக்குத் திரும்பினார்கள். அடி வாங்கியவன் அடித்தவனிடமே திரும்பிப் போவது தெரிந்தால் மாஜிஸ்திரேட் முன் எப்படி வாய் திறப்பான்?

இன்னோர் ஆதாரம் இரண்டு உருதுக் கடிதங்கள். கொல்லப்பட்ட தாக்குதல்காரர்களின் கால்சட்டைப் பையிலிருந்து அவை எடுக்கப்பட்டன என்றும், அவற்றை எழுதியவர் அந்த முஃப்தி என்றும் அரசுத் தரப்பு சொன்னது. அந்த இருவரின் உடல்களும் குண்டுகளால் சல்லடையாகத் துளைக்கப்பட்டிருந்தன. உடைகள் இரத்தத்தில் ஊறியிருந்தன. ஆனால் அதே உடையின் பையிலிருந்து வந்ததாகச் சொல்லப்பட்ட கடிதங்களில் ஒரு துளி இரத்தம் இல்லை, ஓட்டை இல்லை, கசங்கல்கூட இல்லை. இதை எப்படி நம்புவது என்று உச்ச நீதிமன்றம் கேட்டது. சட்டம் படிக்காத யாரும் கேட்டிருக்கக்கூடிய கேள்வி அது. கீழ் நீதிமன்றத்திலும் உயர் நீதிமன்றத்திலும் அதற்கு உரிய இடம் கிடைக்கவில்லை என்பதுதான் வேதனை.

பொடா வழக்கு தொடர அரசின் முன் அனுமதி தேவை. அந்த அனுமதியும் வழக்கின் ஆவணங்களை உரிய முறையில் பரிசீலிக்காமல் இயந்திரத்தனமாக வழங்கப்பட்டது என்று நீதிமன்றம் கண்டது. தீர்ப்பின் இறுதியில், இவ்வளவு கொடிய குற்றத்தின் உண்மையான குற்றவாளிகளைப் பிடிப்பதற்குப் பதிலாக அப்பாவிகள் மீது பழி சுமத்தப்பட்டது என்று தன் வேதனையையும் பதிவு செய்தது.

சரி, அதன் பிறகு? விடுதலையானவர்கள் இழப்பீடு கேட்டு உச்ச நீதிமன்றத்தை அணுகினார்கள். 2016 ஜூலையில் நீதிமன்றம் அதை ஏற்க மறுத்தது. விடுதலை செய்யப்பட்டவர்களுக்கெல்லாம் இழப்பீடு என்றால் அது ஆபத்தான முன்னுதாரணமாகிவிடும் என்பது அமர்வின் கருத்து. மனு திரும்பப் பெறப்பட்டது.

வாக்குமூலம் என்னும் குறுக்குவழி

தவறான தண்டனைகளின் வேரைத் தேடினால் பெரும்பாலும் ஒரே இடத்துக்குத்தான் வந்து சேர்கிறோம்: போலீஸ் காவலில் வாங்கப்படும் வாக்குமூலம்.

ஆங்கிலேயர் கொண்டுவந்த 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம், போலீஸ் அதிகாரியிடம் கொடுக்கப்படும் ஒப்புதல் வாக்குமூலத்தை ஆதாரமாக ஏற்கக் கூடாது என்று 25ஆம் பிரிவில் சொன்னது. தாங்கள் உருவாக்கிய போலீஸை அவர்களே நம்பவில்லை! 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்ஷ்ய அதிநியமும் 23ஆம் பிரிவில் இதையே சொல்கிறது. ஆனால் தடா, பொடா ஆகிய சட்டங்கள் இதற்கு விதிவிலக்கு தந்தன. காவல் கண்காணிப்பாளர் நிலையிலுள்ள அதிகாரி பதிவு செய்த வாக்குமூலம் செல்லும் என்றாயிற்று. தடா 1995இல் காலாவதியானது. பொடா 2004இல் ரத்து செய்யப்பட்டது. ஆனால் அதற்கு முன் பதிவான வழக்குகள் அதே சட்டப்படி தொடர்ந்தன. மகாராஷ்டிராவின் மோக்கா சட்டத்தில் இதே விதிவிலக்கு இன்றும் இருக்கிறது. உபா சட்டத்தில் இந்த விதிவிலக்கு இல்லை. அங்கே ஜாமீன் கிடைப்பதுதான் குதிரைக் கொம்பு.

மோக்காவின் கீழ் நடந்த பெரிய வழக்கு மும்பை ரயில் குண்டுவெடிப்பு. 2006 ஜூலை 11 மாலை சில நிமிடங்களுக்குள் புறநகர் ரயில்களில் ஏழு குண்டுகள் வெடித்து 180க்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2015இல் சிறப்பு நீதிமன்றம் 12 பேரைக் குற்றவாளிகள் என்று அறிவித்து ஐவருக்குத் தூக்கும் எழுவருக்கு ஆயுளும் விதித்தது. 2025 ஜூலை 21 அன்று மும்பை உயர் நீதிமன்றம் 12 பேரையும் விடுதலை செய்தது. அவர்களில் ஒருவர் 2021இல் கொரோனாவால் நாக்பூர் சிறையிலேயே இறந்துவிட்டிருந்தார்.

ஏன் விடுதலை? முக்கியமான டாக்சி ஓட்டுநர் சாட்சிகள் சம்பவம் நடந்து 100 நாட்களுக்கும் மேல் கழித்தே குற்றம் சாட்டப்பட்டவர்களை அடையாளம் சொன்னார்கள். அவ்வளவு நாள் அந்த முகத்தை நினைவில் வைத்திருக்க என்ன காரணம் இருந்தது என்று நீதிமன்றம் கேட்டது. அடையாள அணிவகுப்பை நடத்திய அதிகாரிக்கு அதற்கான பதவிக்காலம் முன்பே முடிந்திருந்தது. எந்த வகைக் குண்டு பயன்படுத்தப்பட்டது என்பதையே அரசுத் தரப்பால் நிறுவ முடியவில்லை. வெவ்வேறு நபர்களின் வாக்குமூலங்கள் பல இடங்களில் ஒரே மாதிரி இருந்தன. துன்புறுத்தல் நடந்திருக்கலாம் என்பதற்கு மருத்துவமனைப் பதிவுகள் இடம் தந்தன. மகாராஷ்டிர அரசு மூன்றே நாளில் உச்ச நீதிமன்றம் சென்றது. மற்ற வழக்குகளில் இத்தீர்ப்பை முன்மாதிரியாகக் காட்டக் கூடாது என்று இடைக்காலத் தடை வந்தது. விடுதலையானவர்கள் மீண்டும் சிறைக்குச் செல்ல வேண்டியதில்லை என்றும் உச்ச நீதிமன்றம் கூறியது.

இதில் நாம் அதிகம் பேசாத ஒரு தரப்பு உண்டு. குண்டுவெடிப்பில் தந்தையை, மகனை, மனைவியை இழந்த குடும்பங்கள். 19 ஆண்டுகள் ஒரு பன்னிரண்டு பேரைத் தம் உறவின் கொலைகாரர்கள் என்று நம்பி வாழ்ந்தவர்களிடம், ஒரு நாள் காலையில், "இவர்கள் இல்லை" என்று சொல்லப்படுகிறது. அப்படியானால் யார் என்ற கேள்விக்கு யாரிடமும் பதில் இல்லை. தவறான தண்டனை அவர்களுக்கும் இழைக்கப்பட்ட அநீதிதான். அவர்களுடைய கோபத்தை எதிரியின் கோபமாக நாம் பார்க்கக் கூடாது.

முஸ்லிம்களின் பிரச்சினை மட்டுமா?

இல்லை. 2003 ஜூனில் மகாராஷ்டிராவின் ஜால்னா மாவட்டத்தில் ஒரு குடிசைக்குள் புகுந்து கொலையும் பாலியல் வன்கொடுமையும் செய்ததாக, நாடோடிப் பழங்குடியைச் சேர்ந்த ஆறு ஏழைகள் கைது செய்யப்பட்டனர். விசாரணை நீதிமன்றம் ஆறு பேருக்கும் தூக்கு விதித்தது. உயர் நீதிமன்றம் மூவரின் தூக்கை ஆயுளாகக் குறைத்தது. 2009இல் உச்ச நீதிமன்றம் அந்த மூவருக்கும் மீண்டும் தூக்கு விதித்தது. பத்து ஆண்டுகள் கழித்து 2019 மார்ச் 5 அன்று அதே உச்ச நீதிமன்றம், தன் பழைய தீர்ப்பைத் திரும்பப் பெற்று வழக்கைப் புதிதாகக் கேட்டு, ஆறு பேரும் நிரபராதிகள் என்று விடுதலை செய்தது. தாக்குதலில் உயிர் தப்பிய பெண், காவல்துறையின் புகைப்படத் தொகுப்பைப் பார்த்து வேறு நான்கு பேரை அடையாளம் காட்டியிருந்தார். அந்த நால்வரைப் பற்றிக் காவல்துறை விசாரிக்கவே இல்லை.

இந்த வழக்கை நான் அடிக்கடி நினைப்பதுண்டு. "கடைசி நீதிமன்றம் இருக்கிறது, அது பார்த்துக்கொள்ளும்" என்று நாம் ஆறுதல் கொள்கிறோம். இங்கே கடைசி நீதிமன்றமே தூக்குக்கு ஒப்புதல் தந்திருந்தது. 2009க்கும் 2019க்கும் இடையில் தூக்கு நிறைவேற்றப்பட்டிருந்தால் விடுதலை செய்ய ஆள் இருந்திருக்கமாட்டார்கள்.

இந்த ஆறு பேருக்கும் தலா 5 லட்சம் ரூபாய் வழங்கவும், தவறு செய்த அதிகாரிகள் மீது நடவடிக்கை எடுக்கவும் நீதிமன்றம் உத்தரவிட்டது. அக்ஷர்தாம் வழக்கில் 2016இல் மறுக்கப்பட்டது, இங்கே 2019இல் கொடுக்கப்பட்டது. வழக்கைக் கேட்கும் அமர்வு மாறினால் பதில் மாறுகிறது. ஏனென்றால் பின்பற்றுவதற்கு ஒரு சட்டம் இல்லை.

அந்நிஸா அத்தியாயத்தின் 105ஆம் வசனம் முதல் வரும் சில வசனங்களின் பின்னணியாக தஃப்ஸீர் நூல்கள் ஒரு திருட்டு வழக்கைச் சொல்கின்றன. மதீனாவில் முஸ்லிம் என்று அறியப்பட்ட ஒருவன் கவச உடையைத் திருடிவிட்டு, பழியை வேறொருவர் மீது போட்டான். பல அறிவிப்புகளின்படி அந்த வேறொருவர் ஒரு யூதர். திருடனின் குலத்தார் தம் ஆளுக்காகப் பேச நபி (ஸல்) அவர்களிடம் வந்தார்கள். இறைவசனம் பழி சுமத்தப்பட்டவரின் பக்கம் நின்றது. நம்மவர் கைதானால் விசாரிக்காமலேயே நிரபராதி என்பதும், சங்கிலித் திருட்டு வழக்கில் யாரோ ஓர் ஏழை வாலிபனைப் போலீஸ் பிடித்தால் விசாரிக்காமலேயே திருடன் என்பதும் நம்மிடம் உள்ள ஒரே நோயின் இரண்டு முகங்கள். வற்புறுத்தி வாங்கப்பட்ட இக்ரார் செல்லாது என்ற ஃபிக்ஹ் சட்டம் மதம் பார்த்துச் சொல்லப்பட்டதல்ல.

பர்மிங்காம் அறுவர்

ஒரு நாடு தன் தவறைப் பார்த்து என்ன செய்ய முடியும் என்பதற்கு இங்கிலாந்தின் அனுபவம் பயனுள்ளது. 1974 நவம்பர் 21 இரவு பர்மிங்காம் நகரில் இரண்டு மதுக்கடைகளில் குண்டு வெடித்து 21 பேர் இறந்தனர். ஐரிஷ் ஆயுதக் குழுவான ஐ.ஆர்.ஏ. மீது சந்தேகம். அன்றிரவே வடக்கு அயர்லாந்து செல்லும் கப்பலைப் பிடிக்கப் போன ஐரிஷ் கத்தோலிக்கர்கள் பிடிக்கப்பட்டனர். மொத்தம் ஆறு பேர். எட்டே நாட்களில் புதிய பயங்கரவாதத் தடுப்புச் சட்டம் நிறைவேறியது. காவலில் அடிக்கப்பட்டு நால்வர் வாக்குமூலத்தில் கையெழுத்திட்டனர். கைகளில் வெடிமருந்து இருந்ததாகத் தடயவியல் நிபுணர் சாட்சி சொன்னார். 1975 ஆகஸ்டில் ஆறு பேருக்கும் ஆயுள் தண்டனை.

தங்களை அடித்த போலீஸார் மீது அவர்கள் வழக்குத் தொடுத்தபோது, 1980இல் புகழ்பெற்ற நீதிபதி டென்னிங் பிரபு அதைத் தள்ளுபடி செய்தார். அவர் சொன்ன காரணத்தின் சாரம் இது: இவர்கள் வென்றால் போலீஸ் அடித்ததும் பொய் சாட்சி சொன்னதும் தண்டனை தவறு என்பதும் உண்மையாகிவிடும், அது நினைத்துப் பார்க்கவே முடியாத நிலை, எனவே வழக்கு நடக்கக் கூடாது. நிறுவனத்தின் பெயரைக் காப்பாற்ற ஆறு மனிதர்கள் உள்ளேயே இருக்கட்டும் என்பதுதான் அதன் பொருள். மக்கள் நம்பிக்கையைக் காப்பதாக நினைத்து அதை அழிப்பது இப்படித்தான்.

பத்திரிகையாளர்களும் ஒரு நாடாளுமன்ற உறுப்பினரும் விடாமல் போராடினார்கள். வெடிமருந்துச் சோதனை, சீட்டுக்கட்டைத் தொட்ட கையிலும் அதே விளைவைக் காட்டும் என்று தெரியவந்தது. ஆறில் ஐவர் ரயிலில் சீட்டு விளையாடிக்கொண்டு வந்தவர்கள்! போலீஸ் குறிப்பேடுகளில் விசாரணைக் குறிப்புகள் பிறகு எழுதிச் சேர்க்கப்பட்டதும் வெளிப்பட்டது. 1991 மார்ச் 14 அன்று, 16 ஆண்டுகள் கழித்து, ஆறு பேரும் விடுதலையானார்கள். அந்தக் குண்டுகளை வைத்ததற்காக இன்றுவரை வேறு யாரும் தண்டிக்கப்படவில்லை.

இடைப்பட்ட காலத்தில் அந்நகரின் ஐரிஷ் மக்கள் பட்டது நமக்குப் பழக்கமான கதை. பேச்சு வழக்கை வைத்தே சந்தேகம், வேலையிடத்தில் வெறுப்பு. அவர்களுடைய ஆண்டு விழாவான புனித பேட்ரிக் நாள் ஊர்வலம் 1974க்குப் பின் பர்மிங்காமில் நின்றுபோய் 1996இல்தான் மீண்டும் நடந்தது. ஆறு பேர் மீது போட்ட பழியை ஒரு சமூகமே இருபது ஆண்டுகளுக்கு மேல் சுமந்தது.

விடுதலையான அன்றே அரசு, குற்றவியல் நீதி குறித்த ஓர் அரச ஆணையத்தை அறிவித்தது. அதன் பரிந்துரைப்படி 1995இல் சட்டம் வந்து, 1997இல் குற்ற வழக்குகள் மறுஆய்வு ஆணையம் செயல்படத் தொடங்கியது. எல்லா மேல்முறையீடும் முடிந்த கைதிகூடக் கட்டணமின்றி அதற்கு விண்ணப்பிக்கலாம். ஆணையம் தானே புலனாய்வு செய்து, சந்தேகம் இருந்தால் வழக்கை மேல் நீதிமன்றத்துக்குத் திருப்பி அனுப்பும். போலீஸ் விசாரணையை ஒலிப்பதிவு செய்யும் நடைமுறை அதற்கு முன்பே 1984ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக வந்துவிட்டது.

அங்கே எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல வரவில்லை. 17 ஆண்டுகள் சிறையிலிருந்து 2023இல் டி.என்.ஏ. ஆதாரத்தால் குற்றமற்றவர் என்று தெரிந்த ஒருவரின் மனுவை இதே ஆணையம் முன்பு இரண்டு முறை நிராகரித்திருந்தது. அதன் விளைவாக எழுந்த கண்டனத்தில் 2025 தொடக்கத்தில் ஆணையத்தின் தலைவர் பதவி விலகினார். ஆனாலும் கேள்வி கேட்க ஓர் அமைப்பும், பொறுப்பேற்று விலக ஒரு தலைவரும் அங்கே இருந்தார்கள். நம் நாட்டில் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் சீராய்வு மனு, அதன்பின் குறைதீர் மனு, கடைசியாகக் கருணை மனு. இவற்றில் எதுவும் வழக்கைப் புதிதாகப் புலனாய்வு செய்வதில்லை.

நம் சட்டத்தில் இன்றைய நிலை

1979இல் இந்தியா, குடிமை மற்றும் அரசியல் உரிமைகளுக்கான சர்வதேச உடன்படிக்கையில் இணைந்தது. அந்த உடன்படிக்கையின் 14ஆம் பிரிவு, தவறாகத் தண்டிக்கப்பட்டவருக்குச் சட்டப்படி இழப்பீடு தரச் சொல்கிறது. சட்டவிரோதக் கைதுக்கு இழப்பீடு தரச் சொல்லும் 9ஆம் பிரிவை மட்டும், எங்கள் சட்டத்தில் அப்படி ஓர் உரிமை இல்லை என்று கூறி இந்தியா ஏற்காமல் விலக்கு எடுத்துக்கொண்டது.

இருப்பினும் 1983இல் ருதுல் சா வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு வழியைத் திறந்தது. நீதிமன்றம் விடுவித்த பிறகும் பீகார் சிறையில் 14 ஆண்டுகள் அடைத்து வைக்கப்பட்டிருந்தவர் அவர். அரசமைப்பின் 32ஆம் பிரிவின்கீழ் அவருக்கு இழப்பீடு வழங்கப்பட்டது. அதன்பின் வந்தவை எல்லாம் நீதிமன்றத்தின் விருப்புரிமையைச் சார்ந்தவை. நாகர்கோவிலில் பிறந்த இஸ்ரோ விஞ்ஞானி நம்பி நாராயணன் 1994இல் பொய்யான உளவு வழக்கில் கைதானவர். 2018 செப்டம்பரில்தான் உச்ச நீதிமன்றம் அவருக்கு 50 லட்சம் ரூபாய் வழங்க உத்தரவிட்டது. நாடறிந்த விஞ்ஞானிக்கே 24 ஆண்டுகள்.

குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் காரணமின்றிக் கைது செய்ய வைத்ததற்கு இழப்பீடு தரும் ஒரு பிரிவு உண்டு. புதிய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவிலும் அது 399ஆம் பிரிவாகத் தொடர்கிறது. அதிகபட்சத் தொகை எவ்வளவு தெரியுமா? 1,000 ரூபாய். அதையும் பொய்ப் புகார் கொடுத்தவர்தான் தர வேண்டும், அரசு அல்ல.

டெல்லி உயர் நீதிமன்றம் 2017இல் கேட்டுக்கொண்டதன் பேரில் இந்தியச் சட்ட ஆணையம் இதை ஆய்வு செய்து, 2018 ஆகஸ்டில் தன் 277ஆவது அறிக்கையை அளித்தது. தவறாக வழக்குத் தொடரப்பட்டவர்களுக்கு அரசு இழப்பீடு வழங்க வேண்டும். அதைக் கோர மாவட்ட அளவில் சிறப்பு நீதிமன்றங்கள் வேண்டும். பணத்தோடு மனநல ஆலோசனை, தொழிற்பயிற்சி போன்ற உதவிகளும் வேண்டும் என்பவை அதன் பரிந்துரைகள். தண்டனை பெற்றவர் மட்டுமின்றி விசாரணைக் கைதியாக இருந்து விடுதலையானவரையும் அது உள்ளடக்கியது. 2023இல் குற்றவியல் சட்டங்கள் மூன்றும் முழுமையாக மாற்றி எழுதப்பட்டபோது இதைச் சேர்த்திருக்க நல்ல வாய்ப்பு இருந்தது. சேர்க்கப்படவில்லை.

2025 ஜூலை 15 அன்று தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை மீண்டும் எழுப்பியது. 2011இல் தேனி மாவட்டம் சுருளி அருவிப் பகுதியில் ஓர் இளம் ஜோடி கொல்லப்பட்ட வழக்கில் தூக்குத் தண்டனை பெற்றவரை, டி.என்.ஏ. மாதிரிகள் கையாளப்பட்ட விதத்தில் இருந்த கடுமையான குறைகளைச் சுட்டிக்காட்டி நீதிமன்றம் விடுதலை செய்தது. மாதிரிகளைச் சேகரிப்பது குறித்து நாடு முழுமைக்கும் நெறிமுறை வகுத்தது. அமெரிக்காவில் இத்தகையோருக்குச் சட்டப்படி இழப்பீடு இருப்பதைக் குறிப்பிட்டு, இங்கே அதை முடிவு செய்ய வேண்டியது நாடாளுமன்றம் என்று கூறியது. சட்டம் இன்னும் வரவில்லை.

குடும்பங்கள் தெரிந்திருக்க வேண்டியவை

வீட்டில் ஒருவர் கைதானால் முதல் சில நாட்களில் நடப்பதுதான் பத்து ஆண்டுகள் கழித்து உயர் நீதிமன்றத்தில் பேசும். கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். உபா வழக்குகளில் கைதுக்கான காரணத்தை எழுத்து மூலம் தர வேண்டும் என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. காரணத்தை எழுதித் தரும்படி எந்த வழக்கானாலும் கேளுங்கள். வெற்றுத் தாளில் யாரும் கையெழுத்திட வேண்டாம். வழக்கறிஞருக்கு வசதி இல்லையென்றால் சட்டப் பணிகள் ஆணையத்தின் 15100 என்ற எண்ணில் அழைக்கலாம். காவலில் உள்ளவருக்கு இலவச சட்ட உதவி உரிமை, சலுகை அல்ல.

கைதானவருக்கு மருத்துவப் பரிசோதனை கட்டாயம். அந்த அறிக்கையின் நகலைப் பெறும் உரிமை அவருக்கும் அவர் குறிப்பிடும் நபருக்கும் உண்டு. அதைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். மும்பை வழக்கில் பல ஆண்டுகளுக்குப் பின் பயன்பட்டவை இத்தகைய மருத்துவமனைத் தாள்களே. காவலில் அடித்திருந்தால் ரிமாண்டுக்குக் கொண்டுவரும் முதல் நாளே மாஜிஸ்திரேட்டிடம் சொல்ல வேண்டும். அது பதிவாகும்படி வழக்கறிஞர் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மனித உரிமை ஆணையத்துக்குச் செல்ல நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சம்பவம் நடந்து ஓராண்டு கடந்துவிட்டால் தேசிய ஆணையமோ மாநில ஆணையமோ அதை விசாரிக்க முடியாது என்று 1993ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. வழக்கு முடியட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று உறவினர்கள் சொல்வார்கள். வழக்கு முடிய 11 ஆண்டுகள் ஆகலாம். புகாருக்கு இருப்பது ஓராண்டு.